வாடை வரலையே டாக்டர்!

திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு முதல் வேன் வந்தது. ஆறு மணிக்குள் கட்டில்கள் தீர்ந்துவிட்டன. ஏழு மணிக்கு வராந்தாவில் பாய் விரித்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். மொத்தம் 28 பேர், எல்லாரும் ஒரே காதுகுத்து வீட்டுக்காரர்கள். காது குத்திக்கொண்ட குழந்தை மட்டும் தெம்பாக இருந்தது. அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை; கறிச்சோறு ஊட்டவில்லை.

இந்த ஆறு மாதத்தில் எனக்கு இது நான்காவது விசேஷ வீடு. ஒரு வளைகாப்பு, ஒரு பிறந்தநாள், ஒரு பால் காய்ச்சு, இப்போது இது. நான்கிலும் ஒரே வசனம்: "நல்லாத்தான் டாக்டர் இருந்துச்சு. வாடை வரலை, நூல் விடலை, புளிக்கவும் இல்லை." சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 28 பேர். யாரைக் கேட்டாலும் ஒரு குற்றவாளி தயாராக இருந்தது. பெரியப்பா பாயசம் என்றார். மருமகள் ஐஸ்கிரீம் என்றாள். ஓர் அத்தை, நானூறு பேர் உட்கார்ந்த பந்தி, கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடவே ஆளனுப்பிவிட்டார். எங்கள் தொழிலில் இந்த மாதிரி நேரத்தில் யார் சாப்பிட்டார்கள் என்பதைவிட, யார் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பதுதான் அதிகம் உதவும். கேட்டேன். சமையல்காரருக்கு ஒன்றுமில்லை. போட்டோகிராபருக்கு ஒன்றுமில்லை. மதியம் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்த சம்பந்தி வீட்டாருக்கும் ஒன்றுமில்லை. படுத்திருந்த 28 பேரும் ராத்திரி எட்டரை மணிக்கு, மிச்சமான அதே ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டவர்கள்.

அதே அண்டா, அதே கறி, அதே கைப்பக்குவம். நேரம்தான் வேறு. குலதெய்வம் கோயிலில் காலை பத்து மணிக்கு இறக்கிய குழம்பு. பந்தி முடிந்ததும் மூடி போட்டு, குட்டி யானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் வைத்திருக்கிறார்கள். ராத்திரி லேசாகச் சுட வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். மூன்று நான்கு மணிக்கு வயிறு பிசைய ஆரம்பித்து, அப்புறம் வரிசையாகப் பேதி. காய்ச்சல் யாருக்கும் இல்லை, வாந்தி ஓரிருவருக்குத்தான். இந்த நேரக்கணக்கையும் அறிகுறியையும் பார்த்தால் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்ல முடியும். ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றால், அதற்குள் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது அந்த வாடைக்கு வருகிறேன்.

உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேறு, உங்களைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. முதல் கூட்டம் சாம்பாரைப் பொங்க வைக்கும், சோற்றில் நூல் விட வைக்கும், பாலைத் திரிக்கும். அவை தாம் வந்ததை உங்கள் மூக்குக்குச் சொல்லிவிடும். இரண்டாவது கூட்டம் அப்படி இல்லை. குழம்பில் லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் நிறம் மாறாது, ருசி மாறாது, மணமும் மாறாது. இன்னும் சொன்னால், மசாலா ஊறி ராத்திரிக் குழம்பு மதியக் குழம்பைவிட ருசியாகவே இருக்கும். கெட்டுப்போன சோற்றை யாரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவதில்லை, துப்பிவிடுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டு வருகிறவர்கள். முகர்ந்து பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்பதெல்லாம் பரிசோதனையே அல்ல. தயவுசெய்து அந்தச் சாட்சியை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அடுத்து, "தொட்டுப் பார்த்தா சூடாத்தானே இருந்துச்சு." எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலை எந்தச் சூட்டில் வைப்பீர்கள்? கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தயிர் தோயாது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலிலும் தோயாது. விரல் பொறுக்கிற வெதுவெதுப்பு வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் தெர்மாமீட்டர் இல்லாமலே கண்டுபிடித்து வைத்திருக்கும் அந்தச் சூடுதான் இந்தக் கிருமிக்கும் தொட்டில். மூடிய அண்டாவின் நடுப்பகுதி ஐந்தாறு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்கும். நன்கு கொதித்த குழம்பிலும் இந்தக் கிருமியின் விதைகள் போன்ற வித்துகள் சாகாமல் தங்கும். சூடு இறங்கியதும் முளைக்கும். வசதியான சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இது இரட்டிப்பாகக் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். அண்டா எவ்வளவு பெரிதோ, ஆறுவதற்கு அவ்வளவு நேரம். வீட்டில் நாலு பேருக்கு வைக்கிற குழம்பில் நடக்காதது விசேஷத்தில் நடப்பது இதனால்தான்.

"திரும்பக் கொதிக்க வச்சோமே?" சரி, நிஜமாகவே அடிவரை கிளறிக் கொதிக்க வைத்திருந்தால் இந்த ஆட்டுக்கறிக் குழம்பு விஷயத்தில் பெரும்பாலும் தப்பித்திருப்பார்கள். ஓரத்தில் இரண்டு குமிழி வந்ததும் அடுப்பை அணைப்பது கொதிக்க வைத்தல் ஆகாது. ஆனால் இந்த ஒரு கிருமியை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ், கையில் புண் உள்ளவர் தொட்ட உணவில் வளரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இரண்டும் உணவிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடும். திரும்பச் சுட வைத்தால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு வடித்துக் குவித்த சோற்றை மதியம் தக்காளி சாதமாகக் கிளறுகிறார்களே, அங்கே எவ்வளவு கொதித்தும் பயனில்லை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி குமட்டிக்கொண்டு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இவ்விரண்டையும்தான். எனவே கடைசியாகச் சாப்பிட்ட பானிபூரிக்காரரைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் ஒரு நாள், இரண்டு நாள், ஏன் மூன்று நாள் கழித்தும் வேலையைக் காட்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும்: "எங்க பாட்டி பழைய சோறு சாப்பிட்டே தொண்ணூறு வயசு இருந்தாங்களே?" என் பாட்டியும்தான். பழைய சோறு என்பது சின்னப் பானையில், தண்ணீர் ஊற்றியதும் சீக்கிரம் குளிர்ந்து, ராத்திரி முழுக்கப் புளித்து நிற்பது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்கும். உங்கள் மண்டபத்து நெய்ச்சோற்றில் தண்ணீரும் இல்லை, புளிப்பும் இல்லை. பாட்டியை இதில் இழுக்காதீர்கள்.

பிறந்தநாள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே மயோனைஸ். பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்து அறிவித்தது பத்திரிகையிலெல்லாம் வந்தது. அதைப் படித்த அப்பாவே, "கடையில வாங்கலை டாக்டர், வீட்டுலயே மிக்சியில அடிச்சோம்" என்று பெருமையாகச் சொன்னார். வீட்டு மிக்சிக்கும் பச்சை முட்டையில் வரக்கூடிய சால்மொனெல்லாவுக்கும் என்ன பகை? முட்டை இல்லாத மயோனைஸ் கிடைக்கிறது. அல்லது புதினாச் சட்னி அரையுங்கள், பிள்ளைகள் செத்துவிட மாட்டார்கள்.

வரவேற்பு பானம் இன்னொரு தலைவலி. ரோஸ்மில்க்கிலும் சர்பத்திலும் மிதக்கும் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர். மீன் பெட்டிக்குப் போகிற கட்டி ஐஸை உடைத்துச் சாக்கில் கொண்டுவந்து போடுகிறார்கள். சாப்பிட ஆகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே சொல்லிவிட்டது. எனவே நீலமாக இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருந்தாலும் கேட்டுவிட்டே போடச் சொல்லுங்கள். பானையில் ஊற்றிய பானகத்துக்கும் நீர்மோருக்கும் ஐஸ் தேவையே இல்லை. தண்ணீரை மட்டும் முதல் நாளே கொதிக்க வைத்து ஆற்றி வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். சித்திரை வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் நிற்கவேண்டியதாக இருந்தால் அடுப்பிலேயே, ஆவி பறக்க, 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்கட்டும். ஒரே தடவையில் நானூறு பேருக்கு இறக்காமல் பந்திக்கு ஒரு ஈடாக இறக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோயே தீர வேண்டுமென்றால் பந்தி முடிந்த கையோடு, அகலமான தாம்பாளங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் கொட்டி, ஆற்றி, ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அண்டாவோடு தூக்கிப் போகாதீர்கள். மதியமே பசித்தவருக்குக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் புண்ணியம். ராத்திரி பத்து மணிக்கு, நாம் தின்னத் தயங்குவதை ஆசிரமத்துக்குக் கொடுப்பது புண்ணியம் அல்ல. கையில் கட்டுப் போட்டிருப்பவரைப் பரிமாறவோ தேங்காய் திருகவோ விடாதீர்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு சின்ன டப்பா எடுத்து இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஏதாவது ஆனால் எங்களுக்கு அதுதான் துப்பு.

ஏற்கெனவே பேதி ஆரம்பித்துவிட்டதா? ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டி உப்புக்கரைசலாகக் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தபிறகும், அன்றைக்கு மூன்று குழந்தைகளின் கையில் ஜூஸ் டப்பா. சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். சோடாவும் வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்து துவண்டு கிடக்கிறது என்றால் வேப்பிலை அடிக்காமல் உடனே கிளம்புங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இவ்வளவுகூடக் காத்திருக்கக் கூடாது.

28 பேரும் புதன்கிழமைக்குள் வீடு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை பெரியப்பா மட்டும் ஒரு தட்டில் பழத்தோடு வந்தார். தை மாதம் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழா. மெனுவை நானே சொல்ல வேண்டுமாம். சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். காலையில் இட்லி, வெண்பொங்கல், வடை. மதியம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், இரண்டு பொரியல், பந்திக்குப் பந்தி இறக்கும் பாயசம். குடிக்கப் பானகம். தாம்பூலப் பையில் முறுக்கும் அதிரசமும். ஈரமில்லாத பலகாரத்தில் கிருமிக்கு வேலையில்லை. வழிக்குக் கட்டிக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் புளியோதரை. புளியும் எண்ணெயும் ஓரளவு காக்கும், ஆனால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

அவர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்:

"சாம்பார் கொஞ்சமா மிஞ்சிருச்சுன்னா டாக்டர்?"