தேஜானோவா, தெகானோவா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழும் மெக்சிக மரபினரையும் அவர்களின் இசையையும் குறிக்கும் சொல் இது. ஆங்கில எழுத்தில் இதன் நடுவே ‘ஜே’ நிற்கிறது. அதைப் பார்த்துத் தமிழில் ‘தேஜானோ’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் சொல் ஸ்பானிய மொழியுடையது. அங்கே அந்த எழுத்துக்கு ஜகர ஒலி கிடையாது, தொண்டையை உரசி வரும் ஹகரம்தான். நடு அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும்: தெ-ஹா-னோ.

‘தெஹானோ’ என்று எழுதினால் தவறில்லை. நான் ‘தெகானோ’ என்று எழுதுகிறேன். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் இல்லை. ‘மகன்’, ‘அகலம்’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரத்தை நம்மில் பலர் அழுத்திச் சொல்வதில்லை. அது ஹகரத்தை ஒட்டி இழைந்துதான் வருகிறது. ஸ்பானிய ஒலியும் ஏறத்தாழ அங்கேதான் பிறக்கிறது. தமிழ் எழுத்தே தன் இயல்பில் சரியான உச்சரிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்போது, ஆங்கில எழுத்தின் பின்னால் போக வேண்டியதில்லை.

சரி, பொருள் என்ன? ‘டெக்சஸ்காரர்’ என்பதுதான் நேர்ப்பொருள். ‘தெகாஸ்’ என்பது டெக்சஸுக்கு ஸ்பானியப் பெயர். ‘ஆனோ’ என்பது ஊர்ப்பெயரோடு சேர்ந்து அந்த ஊராரைக் குறிக்கும் விகுதி. மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்கிறோமே, அந்தக் ‘காரர்’ மாதிரி. ஆண் என்றால் தெகானோ, பெண் என்றால் தெகானா. ஸ்பானிய இலக்கணத்தில் ‘இசை’ என்ற சொல் பெண்பால் என்பதால் அந்த மக்கள் தங்கள் இசையை ‘மூசிகா தெகானா’ என்பார்கள். ஆங்கிலம் இந்தப் பால் வேறுபாட்டை விட்டுவிட்டு இசைக்கும் ‘தெகானோ’ என்றே சொல்லப் பழகிவிட்டது. தமிழில் ‘தெகானோ இசை’ என்பதே போதும்.

‘தெகாஸ்’ எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. கிழக்கு டெக்சஸில் வாழ்ந்த காடோ பழங்குடியினரின் மொழியில் ‘தாய்ஷா’ என்றால் நண்பர், கூட்டாளி. ஸ்பானியர்கள் அதையே அந்த மக்களுக்கும், பிறகு நிலத்துக்கும் பெயராக வைத்தார்கள். 1690இல் அங்கே அவர்கள் எழுப்பிய கிறித்தவ மடத்தின் பெயரிலேயே ‘தெகாஸ்’ உண்டு. பழைய ஸ்பானிய எழுத்துமுறையில் ‘எக்ஸ்’ எழுத்துக்கு ‘ஷ’ ஒலி இருந்தது. பின்னால் அந்த மொழியில் ‘ஷ’ மெல்ல ‘ஹ’ ஆகிவிட்டது. ‘மெஷிகோ’ ‘மெஹிகோ’ ஆனதும் இப்படித்தான். ஆங்கிலம் பேசியவர்கள் எழுத்தை மட்டும் பார்த்து ‘டெக்சஸ்’ என்று படித்தார்கள். டெக்சஸ் மாநிலம் 1930இல் ‘நட்பு’ என்பதைத் தன் அதிகாரப்பூர்வ முழக்கமாக ஏற்றுக்கொண்டது இந்த வேர்ச்சொல்லை நினைத்துத்தான். ஸ்பானியத்தில் ‘தெகா’ என்றால் கூரை ஓடு என்பதால், ஓட்டு வீடுகளைப் பார்த்து வைத்த பெயர் என்று ஒரு விளக்கமும் சுற்றுகிறது. அது ஒலி ஒற்றுமையால் வந்த மயக்கம்.

அப்படியானால் தமிழில் ‘டெக்சஸ் இசை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் டெக்சஸ்காரரைச் சொல்ல ‘டெக்சன்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. மாநிலத்தில் யார் பிறந்தாலும் டெக்சன்தான். தெகானோ என்றால், டெக்சஸ் மண்ணில் வேர்விட்ட மெக்சிக மரபினர். 1824இல் மெக்சிகோ குடியரசில் ‘கோவாவீலா – தெகாஸ்’ என்று ஒரு மாநிலம் இருந்தது. 1836இல் டெக்சஸ் தனி நாடாகப் பிரிந்தது, 1845இல் அமெரிக்காவோடு இணைந்தது. அமெரிக்க – மெக்சிகப் போரை முடித்த 1848 உடன்படிக்கையில் ரியோ கிராண்டே ஆறு எல்லையாக உறுதியானது. ஆற்றுக்கு வடக்கே குடியிருந்தவர்கள் வீட்டைவிட்டு நகரவே இல்லை, ஆனால் நாடு மாறிப்போனது. “நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்து போனது” என்று அந்த மக்களிடையே வழங்கும் பேச்சு இதைத்தான் சொல்கிறது. இந்த வரலாறு முழுவதும் ‘தெகானோ’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ‘டெக்சஸ் இசை’ என்று எழுதினால் அது கவ்பாய் பாட்டாகிவிடும், ‘மெக்சிகோ இசை’ என்று எழுதினால் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அதனால் இதை மொழிபெயர்க்காமல், ஒரு மக்களின் பெயராகவே வைத்துக்கொள்வதுதான் முறை என்பது என் கருத்து. சீக்கியர், பறங்கியர் என்று எழுதுவது போலத்தான் இதுவும்.

இசைக்குள் வரும் சில சொற்களுக்குத் தமிழ் நன்றாகவே இடம் கொடுக்கிறது. ‘கொன்ஹூந்தோ’ என்பது தெகானோ இசையின் ஆணிவேர். அதன் நேர்ப்பொருள் ‘சேர்ந்தது’. நம்மூரில் ‘மேளசெட்’, ‘பேண்டு செட்’ என்கிறோம் பாருங்கள், கொன்ஹூந்தோ அப்படி ஒரு செட். அக்கார்டியனும், ‘பாஹோ செஸ்தோ’ என்ற பன்னிரண்டு கம்பிக் கருவியும்தான் அதன் அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் அக்கார்டியனையும் போல்கா நடனத்தையும் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் வாழ்ந்த தெகானோக்கள் இரண்டையும் தங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்குள் கூட்டிக்கொண்டார்கள்.

இதில் நார்சிசோ மார்த்தினெஸ் (1911–1992) என்ற கலைஞர் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொத்தான் அக்கார்டியனில் வலது கை பொத்தான்கள் மெட்டை வாசிக்கும், இடது கை பொத்தான்கள் அடிச்சுருதியைக் கொடுக்கும். துருத்தியை இழுக்கும்போது ஒரு சுரமும் அழுத்தும்போது வேறொரு சுரமும் வரும். ஜெர்மானிய வழக்கில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. மார்த்தினெஸ் இடது கை வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டார். அடிச்சுருதி, தாளம் இரண்டையும் கூட்டாளி சந்தியாகோ அல்மெய்தாவின் பாஹோ செஸ்தோ பார்த்துக்கொள்ள, வலது கை மட்டும் சுதந்திரமாகப் பறந்தது. அந்தத் துள்ளலும் தெளிவும் வந்தது இப்படித்தான். 1930களின் நடுவில் இவர்கள் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டுகளிலிருந்து கொன்ஹூந்தோவின் கதையைத் தொடங்குவது வழக்கம். ‘கொன்ஹூந்தோவின் தந்தை’ என்று பெயர் வாங்கியவர், வயிற்றுப்பாட்டுக்கு வயல் வேலையும் பார்த்தார், கடைசிக் காலத்தில் பிரவுன்ஸ்வில் உயிரியல் பூங்காவிலும் வேலை பார்த்தார்.

இன்னொரு சொல் ‘நோர்தேன்யோ’. எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவின் வடபகுதியில் அதே அக்கார்டியனும் பாஹோ செஸ்தோவும் சேர்ந்து வளர்ந்த இசை அது. தமிழில் ‘வடக்கத்தி’ என்று அப்படியே சொல்லலாம், பொருள் அச்சாகப் பொருந்தும். ஆனால் டெக்சஸில் நிற்பவருக்கு அந்த வடக்கத்தி இசை தெற்கிலிருந்து வருகிறது! தெகானோவுக்கும் இதற்கும் உறவு அண்ணன் தம்பி உறவு. பித்தளைக் கருவிகளும், பிறகு கீபோர்டும், அமெரிக்க ராக், கன்ட்ரி இசையின் சாயலும் சேர்ந்தபோது தெகானோ தன் வழியில் பிரிந்தது. ‘டெக்ஸ்-மெக்ஸ்’ என்பது இந்த வரிசையில் சேராது. அது டெக்சஸ் மெக்சிகன் ரயில்பாதையின் பெயர்ச்சுருக்கமாகப் பிறந்து, இன்று பெரும்பாலும் சாப்பாட்டைக் குறிக்கிறது.

சந்தைப் பெயராகத் ‘தெகானோ’ ஓங்கி ஒலித்தது 1980களிலும் 90களிலும். தெகானோ பாடகி செலினா கின்தனில்லாவின் ‘செலினா லைவ்!’ இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. 1995 மார்ச் 31 அன்று, 23 வயதில், கார்பஸ் கிறிஸ்டி நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த ‘டிரீமிங் ஆஃப் யூ’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. உலகத்தின் பெரும்பகுதி ‘தெகானோ’ என்ற சொல்லை முதன்முதலில் கேட்டதே அந்தத் துயரத்தோடுதான்.

இந்தச் சொல்லை ஊருக்குள் கொண்டுபோனது வானொலி. 1946இல் ரவுல் கோர்டெஸ் சான் அன்டோனியோவில் கேசிஓஆர் என்ற நிலையத்தை 1350 கிலோஹெர்ட்சில், ஏஎம் எனப்படும் மத்திய அலையில் தொடங்கினார். மெக்சிக மரபினர் ஒருவர் சொந்தமாக நடத்திய, முழுநேரமும் ஸ்பானியம் பேசிய முன்னோடி நிலையம் அது. 1990களின் தொடக்கத்தில் அதே நகரில் 107.5 பண்பலையில் கேஎக்ஸ்டிஎன் முழுநேரத் தெகானோ நிலையமாக வந்து, நகரத்தின் முன்வரிசையில் நின்றது.

‘பண்பலை’ பற்றியும் ஒரு வார்த்தை. பண்பேற்றம், அலை இரண்டும் சேர்ந்த சொல். பள்ளி இயற்பியல் பாடத்தில் எஃப்எம் ‘அதிர்வெண் பண்பேற்றம்’, ஏஎம் ‘வீச்சுப் பண்பேற்றம்’. ஆகவே கறாராகப் பார்த்தால் இரண்டுமே பண்பேற்றிய அலைகள்தான். பெயர் எஃப்எம்முக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது வழக்கினால். நன்றாக ஊன்றிவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற எஃப்எம் முறைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மத்திய அலையில் ஒரே அலைவரிசை எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் இரண்டும் கலந்தே கேட்கும். இரவில் பழைய ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு பாட்டு ஓடுமே, அதுதான். பண்பலையில் அப்படி நடக்காது. நல்ல வானொலிப்பெட்டிக்கு, ஒரு அலை இன்னொன்றைப் போல இருமடங்கு வலுவாக இருந்தாலே போதும். பலமானது மட்டும் கேட்கும், மற்றது இருந்த தடமே தெரியாது. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘கைப்பற்றல் விளைவு’. ஆனால் “அந்த ஸ்டேஷன் இதை அமுக்கிடுச்சு” என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். ‘அமுக்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘அமுக்கம்’ வேண்டாம், இலங்கையில் அது காற்றழுத்தத்தைக் குறிக்கும் சொல்.

தென் டெக்சஸில் இந்த அமுக்கல் நெடுஞ்சாலையில் நடக்கும். சான் அன்டோனியோவிலிருந்து கார்பஸ் கிறிஸ்டிக்குக் காரில் போகும்போது, அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த எண்ணிலேயே ஒரு மேட்டைத் தாண்டியதும் வேறொரு குரல் தெளிவாக வந்து நிற்கலாம். பள்ளத்தில் இறங்கினால் அக்கார்டியன் திரும்பும், அடுத்த மேட்டில் மறுபடியும் போகும். எல்லையோரம் இன்னும் நெரிசல். பிரவுன்ஸ்வில்லுக்கு எதிர்க்கரை மாத்தமோரோஸ், மெக்காலனுக்குப் பக்கத்தில் ரெய்னோசா. ஒரு கரையில் ‘கே’ என்று பெயர் தொடங்கும் நிலையங்கள், மறுகரையில் ‘எக்ஸ்எச்’ என்று தொடங்குபவை. இரண்டு பக்கமும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதே பட்டையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வளைகுடாக் கடற்கரையில் புழுக்கமான நாட்களில், கடல்மேல் வெப்பக்காற்று அடுக்கு மூடிபோல நின்று அலைகளை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும். அப்போது உள்ளூர் நிலையத்தின் எண்ணில் தொலைதூர நிலையம் வந்து உட்கார்ந்துவிடும். ராமேஸ்வரம், வேதாரண்யம் கரையில் இலங்கைப் பண்பலை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெகானோ இசையை அமுக்கியது மேடுபள்ளம் மட்டும் இல்லை. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பெரிய நகரம் ஒன்றில் 8 வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கலிஃபோர்னியாவிலும் சிகாகோவிலும் ஓடுகிற ‘பிராந்திய மெக்சிக இசை’ப் பட்டியலையே டெக்சஸிலும் ஓட்டுவது பெரிய நிறுவனங்களுக்குச் சுலபம். தெகானோ நிலையங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலுக்கு மாறின. 2000இல் அனுமதி தொடங்கிய, 100 வாட்டுக்கு மிகாத குறைதிறன் பண்பலை நிலையங்கள் சிற்றூர்களுக்கு ஓரளவு கைகொடுத்தன. ஆனால் அவற்றின் குரல் சில கிலோமீட்டர்தான் போகும். 1,00,000 வாட் நிலையம் ஒன்று அதே எண்ணில் நெருங்கி வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

கேஎக்ஸ்டிஎன்னும் 107.5இல் நிலைக்கவில்லை. அதன் தெகானோ இசை பண்பலையை விட்டு மத்திய அலைக்கு, 1350 கிலோஹெர்ட்சுக்குப் போனது. கோர்டெஸ் 1946இல் தொடங்கிய அதே எண். இரவில் திருப்பினால் அக்கார்டியனுக்குப் பின்னால் வேறு ஊர் நிலையமும் மெலிதாகக் கேட்கக்கூடும்.