பார்வைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டவை

தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், வகுப்புகளைப் பார்வையிட்டவர்கள் குறிப்பு எழுதும் பழைய பார்வைக் குறிப்பேடுகளை எடுத்துப் படித்தேன். ஆசிரியர் பெயரும் பாடமும் தேதியும் மாறியிருந்தனவே தவிர, குறிப்பு மாறவே இல்லை: "கற்பித்தல் நன்று. துணைக்கருவிகளை இன்னும் பயன்படுத்தவும்." இந்த வரியைப் படித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் எதை மாற்றிக்கொள்வார் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் ஆசிரியராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட வரிகளுக்குக் கீழே பலமுறை கையொப்பமிட்டிருக்கிறேன்.

வகுப்பறைப் பார்வை என்றாலே நம் ஆசிரியர்களுக்கு ஆண்டாய்வுதான் நினைவுக்கு வருகிறது. கதவருகே அதிகாரி வந்து நின்றதும் குரல் மாறுகிறது. முந்தைய நாள் நடத்தி முடித்த பாடமே மீண்டும் நடத்தப்படுகிறது. அச்சத்தில் நடக்கும் வகுப்பில் உண்மையான கற்பித்தலைக் காண முடியாது. ஆகவே, முதலில் என் வகுப்பையே பார்க்க வருமாறு ஆசிரியர்களை அழைத்தேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நான் தடுமாறிய இடங்களை அவர்கள் குறித்துக் கொடுத்த பிறகுதான், அவர்களுடைய வகுப்புகளுக்குச் செல்லும் உரிமை எனக்குக் கிடைத்ததாக உணர்ந்தேன்.

ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியையிடம் முந்தைய நாளே பேசி, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். "பின்னம் கூட்டும்போது எல்லாரும் புரிந்ததாகச் சொல்கிறார்கள், தேர்வில் தப்பாகப் போடுகிறார்கள் சார்" என்றார். மறுநாள் பின்வரிசையில் அமர்ந்து, கருத்து எதுவும் எழுதாமல் நடந்ததை மட்டும் குறித்தேன். அவர் கேட்ட 31 கேள்விகளில் 24-க்கு வகுப்பே ஒரே குரலில் பதில் சொன்னது. மூன்றாம் பெஞ்சில் இருந்த மாணவன் ½ + ⅓ என்ற கணக்குக்கு ⅖ என்று எழுதியிருந்தான். கரும்பலகையில் ⅚ என்று வந்ததும் ரப்பரால் அழித்து, ⅚ என்று எழுதிக்கொண்டு, "புரிந்ததா?" என்ற கேள்விக்கு மற்றவர்களோடு சேர்ந்து உரக்க ஆமாம் போட்டான்.

அன்று மாலையே, பள்ளி விட்டதும், அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, "இவன் அழித்ததை நான் பார்க்கவே இல்லையே சார்" என்றார். அவர் கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டிருந்த நேரம் அது, பார்த்திருக்கவே முடியாது. வகுப்பில் இன்னொரு கண் தேவைப்படுவது இதற்காகத்தான். அந்தக் கண் குற்றம் தேடும் கண்ணாக இருந்துவிட்டால், ஆசிரியர் அதனிடமிருந்து வகுப்பை மறைக்கத்தான் முயல்வார்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடி அளவுகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், மூன்று நொடிகள் காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்பதையும், பதிலற்ற மௌனம் குறைகிறது என்பதையும் அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைகளில் அளந்து காட்டினார். அன்று நாங்கள் பேசி முடிவு செய்ததும் அந்த ஒன்றை மட்டுமே: கேள்வி கேட்டபின் காத்திருப்பது, பிறகு பெயர் சொல்லி அழைப்பது. கையெழுத்து, கரும்பலகைப் பயன்பாடு, பாடக்குறிப்பு ஆகியவற்றிலும் சொல்ல எனக்கு இருந்தது, சொல்லவில்லை. ஒரே நாளில் ஏழு குறைகளைக் கேட்கும் ஆசிரியர் ஒன்றையும் திருத்தமாட்டார்.

எமிஸ் என்னும் கல்வித் துறைத் தகவல் தளத்தில் செய்ய வேண்டிய பதிவுகளுக்கும் கூட்டங்களுக்கும் இடையில் நேரம் எங்கே என்று சக தலைமை ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளைக் கால அட்டவணையிலேயே எனக்கு ஒதுக்கிக்கொண்டேன். அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செயலியில் நிரப்பும் பார்வைப் படிவம் துறைக்கு வேண்டியது, அதை முறையாக நிரப்புகிறேன். ஆசிரியருக்கு வேண்டிய தாளைத் தனியாக எழுதி, அவரிடமே கொடுத்துவிடுகிறேன். அதற்கு நகல் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து அந்த ஆசிரியையே என்னை வகுப்புக்கு அழைத்தார். மாணவர்கள் கணக்கைச் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டினார்கள். மூன்றாம் பெஞ்சில் மறுபடியும் ஒரு ⅖. அவர் அதைப் பார்த்துவிட்டார். அழிக்க வேண்டாம் என்று சொல்லி, அந்தச் சிலேட்டை வாங்கிக் கரும்பலகைக்கு அருகே வைத்துப் பாடத்தைத் தொடங்கினார்.