அதே மருந்துதானே டாக்டர்?

பூனைக்கு வலி மருந்து கொடுத்த கதைகளை இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாராசிட்டமால் பற்றித் தொண்டை வற்றக் கத்தியாகிவிட்டது (பூனைக்கு அரை மாத்திரை என்ன, கால் மாத்திரையும் கூடாது, அவ்வளவுதான்). ஆனால் சமீபத்தில் வந்த கேஸ் வேறு ரகம். வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த மனித மருந்து இல்லை. கால்நடை மருத்துவர் எழுதியது, விலங்குகளுக்கென்றே தயாரித்தது, வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் பூனை சாப்பாட்டை மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, வாந்தி எடுத்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போய் என்னிடம் வந்து சேர்ந்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறியிருந்தது. வயிற்றில் புண், சிறுநீரகமும் அடி வாங்கியிருந்தது.

நடந்தது இதுதான். 4 கிலோ எடையுள்ள வயதான பூனை, மூட்டு வலி. வேறொரு மருத்துவமனையில் மெலாக்சிகாம் சிரப் கொடுத்து, சிரிஞ்சில் ஒரு கோட்டைக் காட்டி, தினம் இதுவரைக்கும் எடுத்துக் கொடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். பூனை நன்றாக நடக்க ஆரம்பித்தது. பாட்டில் தீர்ந்ததும் அந்தம்மா சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். கடையில் இருந்தது நாய்க்கான மெலாக்சிகாம். பெயர் அதேதான், கம்பெனியும் அதேதான், பாட்டிலும் ஏறக்குறைய அதே மாதிரி. கடைக்காரரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பழைய சிரிஞ்சைக் கழுவி வைத்திருந்தார், அதிலேயே எடுத்துக் கொடுத்தார்.

"அதே கோடு வரைக்கும்தான் டாக்டர் எடுத்தேன், ஒரு சொட்டுகூட அதிகம் கிடையாது" என்று அழுதார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பிரச்சினையே அதுதான்.

சிரிஞ்சில் இருக்கும் கோடு தண்ணீரைத்தான் அளக்கும், மருந்தை அளக்காது. இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவே இல்லை, அதனால் கணக்காகவே போட்டுவிடுகிறேன். பூனைக்கான பாட்டிலில் 1 மி.லி.க்குள் 0.5 மி.கி. மருந்து. நாய்க்கான பாட்டிலில் அதே 1 மி.லி.க்குள் 1.5 மி.கி. இந்தப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.2 மி.கி. பழைய பாட்டிலில் 0.4 மி.லி. எடுத்தால் சரியாக அது கிடைத்தது. புதிய பாட்டிலில் அதே 0.4 மி.லி. எடுத்தால் 0.6 மி.கி. உள்ளே போகிறது. மூன்று மடங்கு. ஒரு நாள் அல்ல, தினமும். இரண்டு டம்ளர் டிகாக்‌ஷன் ஒரே அளவு என்பதற்காக இரண்டும் ஒரே ஸ்ட்ராங்காக இருக்குமா? மி.லி. என்பது எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது. மி.கி. என்பது அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது. நாய்களும் பூனைகளும் நோய்வாய்ப்படுவது இந்த இரண்டாவது எண்ணால். அந்த எண் பாட்டிலின் மேல்தான் அச்சாகியிருக்கிறது, நாம்தான் பெயரைப் பார்த்தவுடன் படிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

போதாததற்கு, விலங்கு மருந்துகளோடு வரும் சில சிரிஞ்சுகளில் மி.லி.யே இருக்காது, பிராணியின் எடை கிலோவில் போட்டிருக்கும். அந்தக் கோடு அந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான் பொருந்தும். பாட்டிலைத் தூக்கிப் போடும்போது சிரிஞ்சையும் தூக்கிப் போடுங்கள். கழுவிப் பத்திரப்படுத்தும் பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, இதற்கு வேண்டாம்.

அவரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது அயோக்கியத்தனம். சீட்டை வாங்கிப் பார்த்தேன். "மெலாக்சிகாம் 0.4, தினம் ஒரு வேளை" என்று இருந்தது. 0.4 என்ன? மி.கி.யா, மி.லி.யா? எந்தப் பாட்டில்? யாருக்கு? பூனை என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து, அலகு இல்லாமல் எண்ணை எழுதாதீர்கள். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் இல்லாமல் .4 என்று எழுதினால் அது 4 ஆகிவிடும், 4.0 என்று எழுதினால் 40 ஆகிவிடும், இரண்டுமே பத்து மடங்கு. வெயிட்டிங்கில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இன்சுலினில் இதே கூத்து இன்னும் வேகமாக நடக்கும். விலங்குகளுக்கென வரும் இன்சுலின்களில் சில 1 மி.லி.க்கு 40 யூனிட், மனிதர்களுக்கு வருவதில் பல 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 4 வரைக்கும் இழுத்தால் போவது 10 யூனிட். மாற்றி, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் 4 வரைக்கும் இழுத்தால் 1.6 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது, உடனே நீங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டுவீர்கள்.

சரி, என்ன செய்வது? மருந்து வாங்கும்போது பெயரோடு சேர்த்து, 1 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டாக்டர் முறைத்தால் முறைக்கட்டும். முதல் டோஸை அங்கேயே, அவர்கள் கண்முன் நீங்களே சிரிஞ்சில் எடுத்துக் காட்டுங்கள். புதிய பாட்டில் வாங்கினால் பழைய பாட்டிலைப் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு எண் மாறியிருந்தாலும் போன் போடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். மெலாக்சிகாம் மாதிரி கலங்கலாக இருக்கும் சிரப்பைக் குலுக்காமல் கொடுக்காதீர்கள், மேலே தண்ணியாகப் போய் கடைசி நாட்களில் கெட்டியாக வரும். அப்புறம், ஏற்கெனவே ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கிறது என்றால் அதை வாயைத் திறந்து சொல்லுங்கள், அதோடு இந்த மருந்து சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால், பாதியாகக் குறைத்துப் பூனைக்கு விடலாம் என்ற யோசனையே வரக்கூடாது. உடல் உதறி வலிப்பு வந்துவிடும்.

தப்பு நடந்துவிட்டதா, மறைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் "ஒண்ணும் குடுக்கலையே" என்று சொல்லிவிட்டு, டிரிப்ஸ் ஏற்றிய பிறகு மெதுவாகப் பையிலிருந்து பாட்டிலை எடுக்கிறவர்கள்தான் அதிகம். நான் உங்களைத் திட்டுவேன், ஆனால் சிகிச்சை பார்த்த பிறகுதான் திட்டுவேன். பாட்டில், சிரிஞ்ச், சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்ற விவரத்தோடு உடனே வாருங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே தனி ஆபத்தாகிவிடும். இரண்டு பேர் மாற்றி மாற்றி மருந்து கொடுக்கும் வீடு என்றால் கொடுத்தவுடன் ஒரு தாளில் நேரத்தைக் குறியுங்கள். இன்சுலின் போட்டாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்த வேளை போடாமல் விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வேளை தவறினால் சமாளித்துவிடலாம், இரண்டு தடவை போட்டுவிட்டு வந்தால் விடிய விடியக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.