கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம்

வெளிநாட்டு வேலையில் இருக்கும் கணவர் அங்கேயே விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். இங்கே பிறந்த வீட்டில் இருக்கும் மனைவிக்கு இமெயிலில் ஆங்கிலத்தில் ஒரு சம்மன் வருகிறது. "அந்த ஊர் கோர்ட்டே தீர்ப்புக் கொடுத்துட்டா நாம என்ன பண்றது" என்று பல குடும்பங்கள் அத்தோடு ஓய்ந்துவிடுகின்றன. அப்படி ஓய்ந்துபோக வேண்டியதே இல்லை.

1991-இல் நரசிம்ம ராவ் - வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. திருப்பதியில் இந்து முறைப்படி நடந்த கல்யாணம் அது. கணவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கி, மறுமணமும் செய்துகொண்டார். அந்த விவாகரத்து இங்கே செல்லாது என்றது நீதிமன்றம். பொதுவாக, எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காகத்தான் விவாகரத்து தந்திருக்க வேண்டும். மனைவியும் மனமொப்பி அந்த வழக்கில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. அந்தச் சம்மனுக்குப் பயந்துபோய் நீங்களாகவே பதில் எழுதினால், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் 'பரஸ்பர சம்மத' தாளில் கையெழுத்துப் போடுவது அதைவிட ஆபத்து. அதற்காகச் சம்மனைத் தூக்கி ஓரமாகப் போடவும் கூடாது. முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சரி, ஜீவனாம்சம்? பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 125-வது பிரிவு) எந்த மதத்துப் பெண்ணும் கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மனைவி தன் ஊரிலேயே விவாகரத்து மனு போட 2003 முதல் வழி இருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

உத்தரவு வாங்குவதைவிடப் பணத்தை வசூலிப்பதுதான் பெரும்பாடு. கணவருக்கு இங்கே வீடு, நிலம், வங்கிக் கணக்கு இருந்தால் அதுதான் உங்கள் பிடி. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அவற்றை விற்கவோ கணக்கை இயக்கவோ தடை கேட்கலாம். உங்கள் நகையும் சீர்ப் பொருளும் மாமியார் வீட்டில் இருந்தால் திரும்பக் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் இந்த மனுவுக்கு உதவுவார். கணவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, அவர் நீதிமன்றச் சம்மனுக்கோ பிடியாணைக்கோ வராமல் இருந்தால், பாஸ்போர்ட் சட்டம் 10(3) பிரிவின்படி அதை முடக்கக் கோரலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவரிடம் இது பலிக்காது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது திருமணப் பதிவுச் சான்று, கல்யாண ஆல்பம், நகை ரசீது, கணவரின் பாஸ்போர்ட், விசா நகல், வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், அவர் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சம்மன் வந்த அந்த இமெயிலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.