உறவுமுறை என்ற கட்டம்

தன்பாலினத் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இரண்டாவது வாரம், தம் 24 வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு தந்தை என்னிடம் வந்தார். சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த நாளிதழ்த் துண்டை எடுத்து என் மேசைமேல் விரித்து, "கோர்ட்டே ஆகாதுன்னு சொல்லிடுச்சு டாக்டர், இனிமேலாவது இவள மாத்திக் கொடுங்க" என்றார். மகள் தலை நிமிரவே இல்லை. (அவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தத் தீர்ப்பில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நம்பிப் பெற்றோர் பிள்ளைகளை மனநல மருத்துவரிடம் இழுத்து வருவது அதைவிடப் பெரிய வருத்தம். திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், மத வேறுபாடின்றித் திருமணம் செய்ய வழிதரும் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே மாற்றி வாசிக்க இயலாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். சேர்ந்து வாழும் உறவுக்கேனும் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் எழுதினார்கள். மற்ற மூவரும் உடன்படாததால் அதுவும் கிட்டவில்லை. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. எனினும் தன்பாலீர்ப்பு ஒரு நோய் என்று ஐவரில் ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனிலேயே தடை விதித்துவிட்டார். அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து இதைக் கற்றுக்கொண்டார் என்று நான் சொன்னபோது, "ஜட்ஜே போய் உக்காந்தாரா?" என்று அந்தத் தந்தை வியப்போடு கேட்டார்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துக்கு அப்புறம் இவளுக்குன்னு யாரு டாக்டர் இருப்பா?" என்றார். அவர் உண்மையில் கொண்டுவந்திருந்த பயம் அதுதான். அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு பதில் தராமல் போனதே என் வருத்தமும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த இரு பெண்களில் ஒருவர் கடும் மனச்சோர்வு முற்றி நள்ளிரவில் அனுமதிக்கப்பட்டார். உடன் வந்தவர் படிவத்தில் 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் முதலில் எதையோ எழுதி, அதை அடித்துவிட்டு, 'தோழி' என்று எழுதினார். தோழியின் கையெழுத்து செல்லாது என்று சொல்லி, எட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனைத் தொலைபேசியில் தேடினார்கள். மருந்து எது, அளவு எவ்வளவு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அத்தனையும் அறிந்த பெண் விடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அன்று அது நடந்திருக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 14-ஆம் பிரிவில், வயதுவந்த எவரும் தமக்கான பிரதிநிதியைத் தாமே நியமித்துக்கொள்ள உரிமை தருகிறது. அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாரணத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும், நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதோடு, உறவினர்களுக்கு முன்பாக அவர் பேச்சுக்கே முன்னுரிமை உண்டு. இந்தப் பிரிவை அறியாத மருத்துவமனை ஊழியர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். இது மனநலச் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். வாரிசுரிமை, ஓய்வூதியம், தத்தெடுப்பு ஆகியவற்றுக்கு இந்தத் தாள் உதவாது. திருமணம் ஒரே கையொப்பத்தில் தரும் பாதுகாப்பை இவர்கள் ஒவ்வொரு தாளாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அந்த இரு பெண்களும் இப்போது என்னிடம்தான் சிகிச்சைக்கு வருகிறார்கள். கோட்டுத்தாளில் நீல மையில் எழுதிய அவர்களுடைய நியமனக் கடிதத்தை நோயாளிக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.