மயக்கக் கூடு

கும்பகோணத்தில் ஒரு பழைய டாக்டர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக் கம்பிச் சட்டம், நடுவில் மேடாக வளைந்த கம்பிகள், விளிம்பைச் சுற்றி மெல்லிய வாய்க்கால். கூட வந்த பெரியப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "களத்துல நெல்லுப் போரடிக்கிறப்ப மாட்டுக்குக் கட்டுற வாய்க்கூடு மாதிரியில்ல இருக்கு!"

அது ஷிம்மல்புஷ் மாஸ்க்; அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க முகத்தில் வைப்பது. அதைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்ற யோசனைதான் இது. பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த குர்ட் ஷிம்மல்புஷ் 1890-ஐ ஒட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. லிவர்பூலில் தாமஸ் ஸ்கின்னர் 1862-லேயே கம்பிச் சட்டத்தில் துணி போர்த்திய ஒன்றைச் செய்திருந்தார். கம்பிமேல் காஸ் (gauze) என்னும் மெல்லிய வலைத்துணியைப் பல மடிப்பாக விரித்து, மூக்கையும் வாயையும் மூடி, மேலிருந்து ஈதரையோ குளோரோபாமையோ சொட்டுச் சொட்டாக விடுவார்கள். உள்ளே இழுக்கும் மூச்சோடு மருந்தின் ஆவியும் போகும். வழிகிற மருந்தை ஓரத்து வாய்க்கால் தாங்கிக்கொள்ளும்; இல்லாவிட்டால் கன்னம் புண்ணாகிவிடும்.

இரண்டுமே எளிதில் ஆவியாகும். ஈதரின் கொதிநிலை ஏறக்குறைய 35 டிகிரிதான். தஞ்சாவூர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும். குளோரோபாமுக்கு 61 டிகிரி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எந்த மயக்க மருந்தையும் "குளோரோபாம் கொடுத்தாங்க" என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். அனஸ்தீசியா என்ற பெயரை 1846-ல் முன்மொழிந்தவர் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். கிரேக்க வேர்ப்படி அதற்கு உணர்வின்மை என்று பொருள். நாம் அதை அப்படியே பெயர்க்காமல் மயக்கம் என்றோம். எனக்கு இது மூலத்தைவிடப் பிடித்த சொல். மயங்குதல் என்றால் அறிவு தடுமாறுதல் மட்டுமா? கலத்தலும்தான். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் கலப்பைத்தானே சொல்கின்றன. காஸ் துணிக்கடியில் காற்றும் ஆவியும் மயங்க, ஆளும் மயங்குகிறார். ஒரே சொல்லில் காரணமும் விளைவும் வந்துவிடுகின்றன.

மாஸ்க்கைத்தான் அவசரப்பட்டு முகமூடி என்று எழுதிவிடுகிறார்கள். முகமூடி மறைப்பதற்கு. கொரோனா நாளில் நாம் பழகிய முகக்கவசம் காப்பதற்கு. மூச்சு உள்ளே போக வழிவிட்டு வாய்மேல் கவிந்திருக்கும் கம்பிப் பின்னலுக்குக் களத்துமேட்டில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. நோயாளி முகத்தில் வைப்பதை வாய்க்கூடு என்றே சொல்வது மரியாதையில்லை. அதனால் மயக்கக் கூடு.

பின்னால் வந்த ரப்பர் மாஸ்க்குக்கு இந்தப் பெயர் ஒத்துவராது. அதில் கம்பியும் இல்லை, துணியும் இல்லை. குழாய் வழியாக வாயு வரும். அதை மூச்சுமூடி என்று சொல்லலாம்.