பிழை பைத்தானுடையதா, நம்முடையதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரம் செய்பவரின் மகன், கல்லூரி மூன்றாம் ஆண்டு, கேட்டிருந்தார்: “பில் போட நானே பைத்தான் நிரல்மொழியில எழுதின புரோகிராம், மாசக் கடைசியில அப்பா நோட்டைவிட ஏழு ரூபாய் குறைச்சலா காட்டுது. பைத்தான்லயே பிழை இருக்கு போல, எப்படிப் புகார் பண்றது?”

எங்கே என்பது சுலபம், 2022 முதல் பைத்தான் புகார்களெல்லாம் கிட்ஹப் என்ற, நிரல்களைப் பகிரும் இணையதளத்தில்தான். எந்தப் பதிப்பு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று எழுத வேண்டும். ஆனால் புரோகிராமின் 4,000 வரியை அப்படியே அனுப்பினால் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார். அவர்கள் கணினியிலும் அதே தவறைச் செய்கிற குட்டி நிரல் வேண்டும்.

பெரியதைக் குட்டியாக்கும் அந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாதியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். தவறு இன்னும் வந்தால் எடுத்த பாதி நிரபராதி, அது போகட்டும். வராவிட்டால் அதைத் திரும்ப வைத்து மற்ற பாதியை எடுங்கள். குற்றவாளி ஒரே வரி என்றால் 4,096 வரியில் அதைப் பிடிக்கப் பன்னிரண்டு வெட்டு போதும், ஏற்காடு போகவே 20 கொண்டை ஊசி வளைவு! ஆனால் எந்தப் பாதியை எடுத்தாலும் தவறு மறைந்துவிட்டால்? மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் கூட்டு என்று அர்த்தம். அப்போது கால் பாகம், அரைக்கால், வீசம் என்று சின்னச் சின்னதாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரியாஸ் செல்லர், ரால்ஃப் ஹில்டெபிராண்ட் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணினியே செய்யும்படி ஆக்கினார்கள். 2002இல் வந்த அவர்கள் ஆய்வில், மொசில்லா உலாவியைக் கவிழ்த்த 95 செயல்கள் மூன்றாகச் சுருங்கின.

நம்மவர்களோ எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் கீபோர்டுக்குக் குங்குமம். ஆயுத பூஜையன்று வைத்தால் சரி.

தம்பி வெட்டிக்கொண்டே போனதில் மிஞ்சியது ஒரே வரி: 2.5-ஐ ‘ரவுண்ட்’ செய்தால், அதாவது முழு எண்ணாக்கினால், 2. அதுவே 3.5 என்றால் 4! பிழையே இல்லை, பைத்தான் 3 சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். எப்போதும் மேலேயே தள்ளினால் ஆயிரம் பில்லில் மொத்தம் ஊதிவிடும், இப்படியானால் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஈடாகிவிடும். அப்பாவோ ஐம்பது பைசாவைக் கண்டால் முழு ரூபாயாக்கித்தான் எழுதுவார்.

புகார் போகவில்லை. அப்பா வழிதான் வேண்டுமென்றால் பைத்தானில் தசமக் கணக்குக்கென்றே உள்ள ‘டெசிமல்’ தொகுதியில் அரையை மேலே தள்ளவும் வசதி இருக்கிறது, எந்தக் கணக்கு என்பதை அவர்கள் வீட்டிலேயே பேசிக்கொள்ளட்டும்.